இரண்டும் டிரைவர் பக்கம்

ஞாயிறு காலை

அன்புள்ள சிஸ்டர் அம்மாவுக்கு,

உன் வீட்டு டெய்லர் எழுதுவது. நான் சுகம். உன் அப்பா சுகம். மிச்சமிருக்கும் மூன்று கோழிகளும் சுகம். நீயும், உன் வார்டில் பிறந்து ஊரைக் கூட்டுகிற அத்தனை பேரும் அப்படியே இருக்க வேண்டும்.

உன் கடிதம் வந்தது. அதைக் கடிதம் என்பதா, சம்மன் என்பதா தெரியவில்லை. இதற்கு ஃபோனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஃபோனில் நான் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்று கேள்வி கேட்டுவிடுவாய். காகிதத்தில் உன்னால் குறுக்கே பேச முடியாது. அதனால் கொஞ்சம் காது கொடுத்துக் கேள்.

முதல் விஷயம், அந்த மறுப்புக் கடிதத்தைக் கொடுத்துத் தொலைக்காதே. பதில் சொல்ல மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது என்று நீயேதான் எழுதியிருக்கிறாய். புதிதாகத் திறந்த பிரசவ வார்டுக்குப் பொறுப்பு நர்ஸாக நிரந்தரமாக இருங்கள் என்று, தற்காலிகமாகப் போன உன்னைக் கேட்கிறார்கள். அடுத்தவர்களுக்குக் கீழே ஓடியாடியே உனக்குத் தலை நரைத்துவிட்டது. பிள்ளைகளை எடை போடும் தராசை எந்த ஜன்னலோரம் வைப்பது என்று போன தடவை ஒரு முழுப்பக்கம் எழுதியிருந்தாய். கல்யாணமான புதிதில்கூட நீ எனக்கு அவ்வளவு ஆசையாக எழுதியதில்லை. அப்படிப்பட்ட வேலையை ஒரு கீரிப்பிள்ளைக்காக விடப் போகிறேன் என்கிறாயே, உனக்கே இது நன்றாக இருக்கிறதா?

குடும்பத்தோடு தங்க குவார்ட்டர்ஸ் இரண்டு வருஷம் கழித்துத்தான் தருவார்கள், அதுவரை நீ விடுதியில், நாங்கள் இங்கே. தெரியும். நம் மூத்த மகள்கூட நேற்று ஃபோனில் கேட்டாள், தாத்தாவை என் வீட்டுக்கு அனுப்புங்களேன் என்று. அவள் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. உன் அப்பா ஒரே வார்த்தையில் முடியாது என்றுவிட்டார். ஆக இந்த வீட்டில் நானும் அவரும்தான்.

இனி செத்துப்போன நாலாவது கோழி, நம் வெள்ளைச்சி விஷயம். அவள் எப்படிச் செத்தாள் என்பது உனக்கு முதலில் தெரிந்தது, எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. அதுதான் உன் கோபம், புரிகிறது. அன்றைக்கு மத்தியானம் கொல்லைப்புறத்தில் கோழிகள் அடையும் பழைய மரப்பெட்டிக்கு அடியில் கீரி மண்ணைப் பறித்ததை உன் அப்பா நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்த்திருக்கிறார். கைத்தடியைத் தட்டி விரட்டியும் இருக்கிறார். நான் முன்னறையில் மிஷினில் இருக்கிறேன். "இங்க குழி இருக்கு" என்று ஒரு குரல் கொடுத்திருந்தால் ஓடிப்போய்க் கல்லைப் போட்டு அடைத்திருப்பேன். மனிதர் என்ன செய்தார்? சாயங்காலம் நீ ஃபோன் பண்ணுவாய், உன்னிடம் சொன்னால் நீ என்னிடம் சொல்வாய் என்று காத்திருந்தார். அன்றைக்குப் பார்த்து உன் வார்டில் இரட்டைப் பிள்ளைகள். நீ கூப்பிடவே இல்லை. விடிவதற்குள் கீரி திரும்பி வந்து வேலையை முடித்துவிட்டது.

"இன்னிக்குக் கோழி போச்சு. நாளைக்கு உங்க ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு நெஞ்சு வலிச்சா, இன்னொருத்தர் என் ஃபோனுக்காகக் காத்துக்கிட்டு உக்காந்திருப்பீங்களா? அதான் நான் வந்துடறேன்" என்று எழுதியிருக்கிறாய்.

எனக்கும் மாமாவுக்கும் சண்டை எதுவும் இல்லை என்பது உனக்கே தெரியும். மரியாதை முற்றிப்போய் ஊமையாகிவிட்டது, அவ்வளவுதான். பெண் கொடுத்தவர் என்று நான் வாயைத் திறக்கவில்லை, மாப்பிள்ளை என்று அவர் திறக்கவில்லை. அவர் நம்மோடு வந்து இருக்க ஆரம்பித்த பிறகாவது மாறியிருக்கலாம். நடுவில்தான் நீ இருந்தாயே. "அவரைக் குளிக்கச் சொல்லு", "உங்கப்பா மாத்திரை போட்டாரா கேளு" என்று இரண்டு பக்கமும் உன் தலையிலேயே ஏற்றினோம். நீயும் முகம் சுளிக்காமல் சுமந்தாய். இன்றைக்கு ஆள் இல்லாமல் இரண்டு பேரும் திருதிருவென்று முழிக்கிறோம்.

ஆனால் நீ பயப்படுகிற அளவுக்கு ஒன்றும் இல்லை. கோழியைக் காப்பாற்றத் தெரியாதவன் மனுஷனை எப்படிக் காப்பாற்றுவான் என்பதுதானே உன் கேள்வி? சரி, கோழியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். கூண்டு கட்டுகிறேன். கீரியின் பாட்டன் வந்தாலும் பல் இறங்காத கூண்டு. இடுப்பு உயரத்துக்கு இரும்புக் கால், அதன்மேல் பலகைப் பெட்டி, சரிவாகத் தகரக் கூரை. எதிர்வீட்டு வெல்டர் கால்களை அடித்துத் தருகிறார். மற்றதெல்லாம் நான். சிரிக்காதே. கூனல் முதுகு, தொப்பை, ஒரு தோள் ஏறி ஒரு தோள் இறங்கியவர் என்று எத்தனை உடம்புக்குச் சட்டை பொருத்தியிருக்கிறேன்! மூன்று கோழிக்கு ஒரு பெட்டி எனக்கு எம்மாத்திரம்?

ஒரு சின்ன வேலை. இனிமேல் கொல்லைப்புறத்தில் ஆணியும் கம்பியுமாகக் கிடக்கும். செருப்பில்லாமல் அங்கே வரவேண்டாம் என்று அப்பாவிடம் ஃபோனில் சொல்லிவிடு. பக்கத்து அறையில்தான் இருக்கிறார். ஆனாலும் நீ சொன்னால்தான் நன்றாக இருக்கும்.

உன் டெய்லர்

*

புதன், மத்தியானம்

அன்புள்ள சந்தேகப் பிராணிக்கு,

"பேசச் சொன்னா பெட்டி செய்யறீங்க" என்று பத்து நாள் கழித்து ஒற்றை வரியில் பதில் போட்டிருக்கிறாய். படித்துவிட்டு என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. இருந்தாலும் அடியில் "கையை வெட்டிக்காதீங்க" என்று எழுதியிருந்தாய் பார், அதற்காக மன்னித்தேன்.

கை எல்லாம் பத்திரமாக இருக்கிறது. வேலை ஜோராக நடக்கிறது. பலகை வாங்கப் போன கடையில், "அளவு சொல்லுங்க, நாங்களே மிஷின்ல அறுத்துத் தர்றோம்" என்றார்கள். நானா விடுவேன்? கட்டிங்கை இன்னொருவனிடம் கொடுக்கிற டெய்லரை நீ பார்த்திருக்கிறாயா? முழுப் பலகையாகவே வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தேன். நல்ல பிளைவுட். ஒரு முகம் மழை தாங்குகிற மாதிரி வழவழவென்று ஷீட் ஒட்டியது, மறுமுகம் வெறும் மரம்.

கோழிகளுக்கும் அளவெடுத்தேன். நிஜமாகத்தான். மூன்றிலும் பெரிய கோழி மேனேஜரம்மாவை மடியில் வைத்துக்கொண்டு டேப்பால் மார்புச் சுற்றளவு பார்த்தபோது, தைத்த சட்டையை எடுக்க வந்த ஒரு வாடிக்கையாளர் வாசலிலிருந்தே பார்த்துவிட்டு, அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். கூண்டு வாசலின் அகலம் அந்தச் சுற்றளவைப் பொறுத்துத்தானே! முட்டையிடுவதற்கு என் பழைய மிஷினின் இரண்டு இழுப்பறைகளைக் கழற்றி வைத்துவிட்டேன். செவலை ஒன்றில் இப்போதே உட்கார்ந்து பார்த்துவிட்டாள்.

கீழே எச்சம் விழுவதற்கு இழுத்து எடுக்கிற தகரத் தட்டு. கால்களுக்கு நடுவே கோழிகள் பகலில் மேய்வதற்குக் கம்பிவலை அடைப்பு. அந்த வலையைத் தரையோடு நிறுத்தினால் கீரி தோண்டி வந்துவிடும் என்று வெல்டர் சொன்னார். நான் அதைப் பாவாடைக் கரை மடிக்கிற மாதிரி வெளிப்பக்கமாக மடித்து மண்ணுக்குள் புதைக்கப் போகிறேன். எந்தப் பக்கம் தோண்டினாலும் நகத்துக்கு வலைதான் கிடைக்கும். வெல்டரே சபாஷ் போட்டார்.

உன் அப்பாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். நீ ஃபோனில் சொன்னதிலிருந்து செருப்புப் போட்டுக்கொண்டுதான் கொல்லைப்புறம் வருகிறார். நாற்காலியைத் துணிக்கொடிக் கம்பத்துப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தூங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பாட்டுக்கு வேலை செய்வேன். திங்கட்கிழமை பின்பக்கமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் ஒரு சட்டத்தில் ஆணி நீட்டிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அவர் நாற்காலிக்கு அடியில் படுத்திருந்த கருப்புக் கோழி கருப்பியைப் பார்த்து, "ஏ கருப்பி, பின்னாடி ஆணி இருக்கு, பாத்து நடக்கச் சொல்லு" என்றார்.

கொல்லைப்புறத்தில் என்னைத் தவிர வேறு ஆள் கிடையாது. நான் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். ஒரு எட்டு வைத்திருந்தால் குதிகாலில் ஏறியிருக்கும். "கருப்பி, பாத்துட்டேன், ரொம்ப நன்றின்னு சொல்லிடு" என்றேன். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. அன்றிலிருந்து எங்களுக்குள் எல்லா விஷயமும் கருப்பி வழியாகத்தான். "கருப்பி, காபி வேணுமான்னு கேளு." "கருப்பி, சர்க்கரை கம்மியாப் போடச் சொல்லு." உன் இடத்தில் ஒரு கோழியை உட்கார வைத்துவிட்டோம் என்று வருத்தப்படாதே. அவள் உன்னைவிடக் குறைவாகத்தான் திட்டுகிறாள்.

இனி நான் சொல்லப் போவதை வெளியில் யாரிடமும் சொல்லக் கூடாது. முக்கியமாக உன் சக நர்ஸ்களிடம்.

கூண்டின் பக்கச் சுவர் இரண்டும் சரிவானவை. முன்னால் உயரம், பின்னால் தாழ்வு. நியூஸ் பேப்பரில் அளவு வெட்டி, பலகையில் வழவழப்பான முகத்தின்மேல் வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு அழகாக அறுத்தேன். அதே பேப்பரை மறுபடி வைத்து இன்னொன்றை அறுத்தேன். ஒரு நூல் பிசகில்லை. இரண்டையும் பெருமையாகச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தால், இரண்டும் வலது பக்கம்! ஒன்றைத் திருப்பி வைத்தால் வழவழப்பு உள்ளே போய்விடுகிறது, வெறும் மரம் மழைக்கு வெளியே வருகிறது.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தொழில் பழகின முதல் மாசத்தில்கூட நான் ஒரு சட்டைக்கு இரண்டு வலது கை வெட்டியதில்லை. அப்புறம்தான் உறைத்தது. துணியை நாங்கள் எப்போதும் இரண்டாக மடித்துப் போட்டுத்தான் வெட்டுவோம். ஒரு வெட்டில் இடதும் வலதும் தானாக வந்துவிடும். இத்தனை வருஷமாக என் கை அதைப் பற்றி யோசித்ததே இல்லை. பிளைவுட் மடியாது என்பது என் மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை.

அசடு வழிய நின்றுகொண்டிருந்தேனா, பின்னாலிருந்து குரல் வருகிறது. "ஏ கருப்பி, ரெண்டும் டிரைவர் சைடாவே இருக்கே. பாசெஞ்சர் எந்தப் பக்கம் ஏறுவாங்கன்னு கேட்டுச் சொல்லு." அத்தனை வருஷம் பஸ் ஓட்டிய மனிதர் அல்லவா! கண்ணை மூடிக்கொண்டே எப்படிப் பார்த்தார் என்பதுதான் தெரியவில்லை. எனக்கு வந்த சிரிப்பில் அளவு டேப்பைக் கீழே போட்டுவிட்டேன். அவர் வயிறும் குலுங்கியது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

புதுப் பலகை வாங்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் தைக்கக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொள்ளாமலே போன மழைக்கோட்டு பரணில் கிடந்தது. அதைப் பிரித்து அந்த மரச் சுவருக்கு ஒரு மேல்சட்டை தைத்துவிட்டேன். ஓரத்தில் காஜா எடுத்துப் பட்டன் வைத்திருக்கிறேன். வெயிலில் கழற்றலாம், மழையில் மாட்டலாம். ஊரில் எந்தக் கோழிக்கூண்டுக்கும் பட்டன் கிடையாது, எழுதி வைத்துக்கொள்.

மாதக் கடைசிக்கு இன்னும் நேரம் இருக்கிறது. பேனாவை மூடி வை.

உன் டெய்லர்

*

சனிக்கிழமை

என் அன்பு மனைவிக்கு,

கேலி கிண்டல் எல்லாம் அப்புறம். இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பயப்படுகிற மாதிரி எதுவும் இல்லை, எல்லோரும் நன்றாக இருக்கிறோம். ஆனாலும் நின்றுகொண்டே படிக்கிற கடிதம் இல்லை இது.

போன கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேனா, வெல்டர் அடித்துக் கொடுத்த இரும்புக் கால்கள் சிமென்ட் போட்டு நட்டுத் தயாராக நின்றன. பெட்டியைத் தரையிலேயே முழுக்கப் பூட்டி வைத்திருந்தேன். மேலே தூக்கி வைக்க வேண்டியதுதான் பாக்கி. "நான் சாப்பிட்டுட்டு வந்துடறேன், ரெண்டு பேருமா தூக்கலாம், நீங்க கை வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வெல்டர் போனார். எனக்குப் பொறுமை எங்கே இருக்கிறது? ஒரு நீளப் பலகையைச் சாய்த்துப் போட்டு, அதன்மேல் பெட்டியை வைத்து, மெல்ல மெல்லத் தள்ளி ஏற்றினேன். ஏறியும் விட்டது. முக்கால்வாசி ஏறி, இரும்புச் சட்டத்தின் விளிம்பைத் தொட்டபோது அடியிலிருந்த பலகை வழுக்கிவிட்டது. மொத்தப் பெட்டியும் என் நெஞ்சின்மேல் சாய்ந்துவிட்டது.

இரண்டு கையும் பெட்டியில். விட்டால் பெட்டி என் காலில். கத்தலாம் என்றால் வாய் நிறைய ஸ்குரூ. குண்டூசியை வாயில் வைத்துத் தைத்தே பழகியவன், அதே பழக்கத்தில் ஸ்குரூவை எல்லாம் உதட்டில் கவ்விக்கொண்டிருந்தேன். விழுங்கிவிடுவேனோ என்ற பயத்தில் மூச்சுக்கூட விட முடியவில்லை. சத்தத்தில் கோழிகள் மூன்றும் வீட்டுக்குள் ஓடிவிட்டன. கருப்பியும் இல்லை.

"மாப்ளே! அசையாதீங்க! அப்படியே நில்லுங்க, நான் வர்றேன்!"

அந்தக் குரலை நான் அதுவரை கேட்டதே இல்லை. ஒரு பஸ் முழுக்க நிற்கிற ஜனத்தைத் தாண்டிக் கேட்கிற குரல். விறுவிறுவென்று வந்து பெட்டிக்கு அடியில் தோளைக் கொடுத்தார். கொடுத்துவிட்டு முதல் காரியமாக, "வாயில இருக்கறதைத் துப்புங்க" என்றார். துப்பினேன். எனக்கும் அவருக்கும் நேருக்கு நேர் நடந்த முதல் பேச்சு அதுதான்.

அப்படியே மாட்டிக்கொண்டோம். அவர் விட்டால் என்மேல், நான் விட்டால் அவர்மேல். வெல்டர் வருகிற வரைக்கும் வேறு வழி இல்லை. நான் ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம், தோளோடு தோள் இடித்துக்கொண்டு இரண்டு பேரும் மதில் சுவரைப் பார்த்தபடி நிற்கிறோம். ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாதது எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா!

"வலிக்குதா மாமா?" என்றேன். "ஸ்டியரிங் புடிச்ச தோளு, தாங்கும்" என்றார். அப்புறம் அவராகவே, "அவ அந்த வேலையை வேணாம்னு சொல்லப் போறாளாம்" என்றார். தெரியும் என்றேன். "என்னாலதான்" என்றார். இல்லை, என்னால் என்றேன். "உங்களுக்குத் தெரியாது. நான்தான் ஃபோன்ல சொன்னேன். மாப்பிள்ளை என்கூட ஒரு வார்த்தை பேசறதில்ல, நாள் பூரா சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கேன்னு."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீ போன புதிதில் நான் உனக்கு என்ன எழுதினேன் என்று ஞாபகம் இருக்கிறதா? உங்கப்பா என்னோடு பேசுவதே இல்லை, வீடு சுடுகாடு மாதிரி இருக்கிறது என்று எழுதினேன். அதை அவரிடம் சொன்னேன். அவர் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறாரோ என்று பயந்துவிட்டேன். சிரிக்கிறார். எனக்கும் தொற்றிக்கொண்டது. "சிரிக்காதீங்க மாப்ளே, பெட்டி ஆடுது, பெட்டி ஆடுது" என்று அவரே சிரித்துக்கொண்டே கத்துகிறார்.

ஏன் மாமா நீங்கள் பேசவே இல்லை என்று கேட்டே விட்டேன். அவர் சொன்ன காரணத்தைக் கேள். "டிரைவரோட பேசாதீர்னு என் தலைக்கு மேலயே போர்டு இருக்கும். மிஷின் ஓட்டறவங்ககிட்டப் பேச்சுக் கொடுத்தா கவனம் சிதறிடும்னு என் ரத்தத்துல ஊறிப்போச்சு. நீங்க எப்பப் பாத்தாலும் மிஷின்லயே உக்காந்திருக்கீங்க." நான் ஏன் பேசவில்லை என்று அவர் கேட்டார். நீங்கள்தான் எப்போதும் கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருக்கிறீர்களே என்றேன். "தூக்கமா? வெயில்ல ரோட்டையே பாத்துப் பாத்து வெளிச்சம் கண்ணைக் கூசும், அதனால மூடிக்கறேன். காது முழிச்சுக்கிட்டுதான் இருக்கும். யாராவது பேசுவாங்களான்னு" என்றார்.

அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். ஒரே கூரைக்குக் கீழே எத்தனை வருஷம் நான் மிஷினில் இருப்பதை அவரும், அவர் மூடிய கண்ணை நானும் பார்த்துப் பயந்துகொண்டே இருந்திருக்கிறோம்! நீ பாவம், அவர் குறையையும் கேட்டாய், என் குறையையும் படித்தாய். இரண்டு பேரிடமும் மூச்சுக் காட்டவில்லை. அவ்வளவு தூரம் போயும் எங்கள் நடுவில்தான் நின்றுகொண்டிருந்திருக்கிறாய். பகலெல்லாம் அடுத்தவர் பிள்ளைகளைத் தூக்கிவிட்டு, அதற்கப்புறம் எங்கள் இரண்டு பேரையும் தூக்கியிருக்கிறாய். எனக்கு வெட்கமாக இருந்தது.

வெல்டர் பல் குத்திக்கொண்டே வந்து எங்களைப் பார்த்தார். "ரெண்டு பேரும் என்ன, கூண்டுக்குக் காலா நிக்கறீங்களா? அப்ப நான் அடிச்ச கால் எதுக்கு?" என்றார். அவர் ஒரு கை கொடுத்ததும் பெட்டி உட்கார்ந்துவிட்டது. உன் அப்பா பின்னால் நின்று, "லெஃப்ட் ஒடிங்க, இன்னும், இன்னும், போதும், நேராக்குங்க" என்று பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி சட்டத்தில் நிறுத்த வைத்தார். அவர் தோளில் லேசாகச் சிவந்திருந்தது. தைலம் தடவிவிட்டேன், இப்போது வலி இல்லை. நீ வந்து பார்த்தால் தோலைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாய் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கூண்டு முடிந்துவிட்டது. வலை கட்டி, மடித்துப் புதைத்து, கூரையும் போட்டாயிற்று. மறுநாளே கீரி வந்தது. ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு இடத்தில் பிராண்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. கோழிகள் இருட்டுவதற்கு முன்பே ஏணியில் ஏறித் தாங்களாகவே உள்ளே போய்விடுகின்றன.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். நெஞ்சு வலித்தால் யார் யாரைக் கூப்பிடுவீர்கள் என்று கேட்டாயே. கூண்டு ஏறின அன்றைக்கே அவர் நாற்காலியை முன்னறைக்குக் கொண்டுவந்து என் மிஷினுக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். நேற்றுக் காலை நான் தைத்துக்கொண்டிருக்கும்போது, "மாப்ளே, தலை சுத்துது" என்றார். உடனே சொன்னார். மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே சொன்னார். காலைச் சாப்பாட்டைத் தள்ளிவிட்டுச் சர்க்கரை மாத்திரையை மட்டும் போட்டிருக்கிறார். நீ சொல்லிக் கொடுத்திருந்தபடி சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து, சாப்பிட வைத்து, டாக்டரிடமும் கூட்டிக்கொண்டு போனேன். ஒன்றும் இல்லை, வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். கவனித்தாயா? உன் அப்பாவுக்கு உடம்பு சரியில்லை என்பது இந்த வீட்டில் முதல் தடவையாக உனக்கு முன்னால் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் பேச்சை நிறுத்த முடியவில்லை, அது வேறு கதை. வருகிற வாடிக்கையாளர்களிடம் எல்லாம், சட்டையை இன்னும் கொஞ்சம் லூஸாகத் தைக்கச் சொல்லுங்கள் என்கிறார். நான் ஓட்டுகிற வேகம் அதிகம், வளைவில் மெதுவாகப் போக வேண்டும் என்கிறார். தையல் மிஷினில்! இன்று காலை அவர் கால் நகத்தை நான்தான் வெட்டிவிட்டேன். என் கத்தரிக்கோலை எடுத்தேன் என்று காலை இழுத்துக்கொண்டார். அப்புறம் நகவெட்டியைக் காட்டியதும்தான் நீட்டினார்.

ஆகையால் கேள். இனிமேல் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உனக்கு வேலை இல்லை. அவருக்கு என்ன வேண்டும் என்று உன்னைக் கேட்க மாட்டேன். என்னைப் பற்றி உன்னிடம் புகார் வராது. வந்தால் என்னிடம் நேராகச் சொல்லச் சொல்லிவிடு. எங்களுக்காக அந்த வார்டை விட்டுவிட்டு நீ வந்தால், வருகிற ஒவ்வொரு நாளும் அந்தத் தராசு எந்த ஜன்னலோரம் இருக்கிறதோ என்று யோசித்துக்கொண்டே சமைப்பாய். அதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படிச் சாப்பிடுவேன்? வேலையை ஒப்புக்கொள். திங்கட்கிழமையே போய்க் கையெழுத்துப் போடு.

வா, வா என்று உனக்கு எழுதித்தான் எனக்குப் பழக்கம். வராதே என்று எழுதக் கை வரவில்லை. இரண்டு தடவை காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். நீ இல்லாமல் எங்களால் இருக்க முடியும். அதை நீ நம்பலாம். இருக்கப் பிடிக்கவில்லை, கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அதற்காக நீ அந்த வேலையை விடக் கூடாது.

இதை மாமாவிடம் படிக்கக் கொடுக்கப் போகிறேன். கீழே அவருக்கு இடம் விட்டிருக்கிறேன். எனக்கு எழுத வேண்டியது இவ்வளவுதான். உடம்பைப் பார்த்துக்கொள், நின்றுகொண்டே சாப்பிடாதே.

என்றும் உன்
டெய்லர்

அம்மாடி,

கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசாப் படிச்சேன். மாப்பிள்ளை எழுதினது எல்லாம் சரி. தோள்ல வலி இல்லை. நீ வேலையை ஒத்துக்கோ. கடைசியில, நீ இல்லாம இருக்கப் பிடிக்கலைன்னு ஒரு இடத்துல எழுதியிருக்காரு பாரு, அங்க என்னையும் சேத்துப் படிச்சுக்கோ.

நல்லா இரு.

அப்பா